கை மட்டும்

மே மாதத்து அன்னையர் தினம்
மார்ச்சிலேயே வந்துவிடும் எங்களுக்கு.
பெங்களூரு, லிங்கராஜபுரம் மேம்பாலத்தை ஒட்டி
மூன்றாம் மாடியில் ஓர் அறை,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி,
மேசையில் பரிசுப் பெட்டி:
பீங்கான் கோப்பை, மடித்த சால்வை,
லாவெண்டர் மெழுகுவத்தி,
'எல்லாவற்றுக்கும் நன்றி அம்மா' என்று
பொன்னெழுத்தில் ஓர் அட்டை.
எல்லாவற்றுக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் விலை இருந்தது.

கோப்பையில் இருப்பது தேநீர் இல்லை,
சோயா சாஸ் நாலு சொட்டு விட்ட தண்ணீர்.
ஆவி, கோப்பைக்குப் பின்னால் ஒளித்துவைத்த
ஈரப் பஞ்சிலிருந்து வருகிறது.
மைக்ரோவேவில் சூடாக்கி வைத்தால்
நாற்பது நொடி தாங்கும்.
ரோஜாவின் பனித்துளி கிளிசரின்.
சால்வை பொசுபொசுவென்று தெரிய
உள்ளே தெர்மக்கோல்.
இதில் எதையும் நான் பொய்யென்று நினைத்ததில்லை.
நிஜ ஆவி கேமராவுக்குத் தெரிவதில்லை,
அவ்வளவுதான்.

கம்பெனியின் சைத்ரா போனில் சொன்னாள்:
கை ஒண்ணு வேணும், கோப்பையைப் பிடிச்ச மாதிரி.
அம்மா கையா இருக்கணும்,
ஆனா வயசு தெரியக் கூடாது.
உழைச்ச கையா இருக்கணும்,
ஆனா உழைச்சது தெரியக் கூடாது.

அப்படியொரு கை ஆஷ்லினிடம் உண்டு.
இருபத்து மூன்று வயது, மணிக்கு இரண்டாயிரம்,
தூங்கும்போதும் கையுறை.
ஹெப்பாலில் லாரி கவிழ்ந்து
அவள் ஆட்டோ நின்ற இடத்திலேயே நிற்க,
இங்கே கரண்ட் போகிற நேரமும் நெருங்க,
என் இடது கையைக் கழுவித் துடைத்து
வெளிச்சத்துக்குள் நீட்டினேன்.
வலது கையில் ரிமோட்.
நாற்பத்தோரு படம்.
ஒன்று தேறியது.

சுகைல் அதைத் திரையில்
நானூறு சதவீதம் பெரிதாக்கினான்.
யாரோ ஒருத்தியின் ஊர் மாதிரி விரிந்தது என் கை.
நகக்கண்ணில் மஞ்சள். எடுத்துவிட்டான்.
மணிக்கட்டில் குக்கர் சுட்ட பிறை. எடுத்துவிட்டான்.
மோதிர விரலில் வெளுத்த வளையம்,
பதினோரு வருஷம் வெயில் படாத இடம்.
மவுஸின் அம்பு அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
"அக்கா, இது?"
"அதையும்."
பக்கத்துத் தோலில் கொஞ்சம் கிள்ளியெடுத்துப்
பூசினான். மூன்று நொடி.
எனக்குப் பதினாறு வாய்தா.

இப்போது ஏப்ரல் கடைசி.
டின் ஃபேக்டரி சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திப்
போனைத் திறந்தால்
மழை அறிவிப்புக்கும் கல்யாண ரீல்ஸுக்கும் நடுவே
தழும்பில்லாத என் கை, கோப்பையை நீட்டி,
'உங்க அம்மாவுக்கு வாங்கிட்டீங்களா?' என்கிறது.
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டேன்.
அதிலிருந்து விடாமல் வருகிறது.

ஆம்பூரில் என் அம்மா
ஏழு மாதமாய் என் போனை எடுப்பதில்லை.
மோதிரத்தைக் கழற்றிய கையோடு
இந்தப் படி ஏறாதே என்றவள்.

ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
வாங்கவில்லை.
பழைய ஃபோல்டரைத் துழாவித்
திருத்தாத படத்தை எடுத்தேன்,
மஞ்சளும் பிறையும் வளையமும் இருக்கிற படம்.
ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினேன்.
பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ,
பின்னால் பஸ் டிரைவர்
கன்னடத்தில் என் வம்சத்தை விசாரித்தார்.

சாயங்காலம் இரண்டு டிக்கும் நீலம்.
ராத்திரி பத்தே முக்காலுக்கு
'தட்டச்சு செய்கிறார்' என்று வந்தது, நின்றது,
வந்தது, நின்றது.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன்.
"குக்கரா? வாஷர மாத்து."
அதற்கடியில் இன்னொரு வரி:
"மூணு லிட்டரா அஞ்சா?"

எழுந்து போய் விளக்கைப் போட்டுக்
குக்கரைக் கவிழ்த்து
அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்.